பழைய அச்சு உருவப்படம் வாங்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

தலையில் பொய்முடியும் கழுத்தில் மடிப்புத் துணியுமாக ஒரு பழங்காலக் கனவான், அவருக்குக் கீழே வளைந்த எழுத்துகளில் அவருடைய பெயர். இப்படி ஓர் அச்சுப்படத்தை வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்ற ஆசை வந்தபோது, பிடித்த முகத்தைத் தேர்ந்தெடுத்துப் பணத்தைக் கட்டினால் போதும் என்றே நான் நினைத்திருந்தேன். முதலில் வாங்கிய படம் 18ஆம் நூற்றாண்டுச் செப்புத்தகட்டு அச்சு, அதாவது செதுக்கிய செப்புத்தகட்டில் மை பூசித் தாளில் அழுத்தி எடுத்தது, என்று சொல்லி விற்கப்பட்டது. கைக்கு வந்தபின் பார்த்தால், பிற்காலப் புத்தகம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த இயந்திர அச்சுப் பக்கம் அது. இரண்டாவது படம் உண்மையான பழைய அச்சுதான், ஆனால் அதன் முதுகில் யாரோ ஒட்டியிருந்த ஒட்டுநாடாவின் பழுப்புக் கறை முகம் வரை ஊறியிருந்தது. மூன்றாவது முறை எல்லாவற்றையும் வரிசைப்படி செய்தேன். முதல் விசாரிப்பிலிருந்து படம் சுவருக்கு ஏறும்வரை 11 வாரங்கள் ஆயின. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் ஆறு படிகளும் பணம் கொடுப்பதற்கு முன்னால் முடிய வேண்டியவை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்களுக்கு வேண்டியது முகமா, தாளா என்று தீர்மானியுங்கள்

அந்த மனிதரின் உருவம் சுவரிலோ உங்கள் கட்டுரையிலோ இருந்தால் போதும் என்றால், பழைய தாளை வாங்க வேண்டிய தேவையே இல்லை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் போன்றவை காப்புரிமை காலாவதியான அச்சுப்படங்களின் உயர்தரப் பிரதிகளை இலவசமாகவே பதிவிறக்கத் தருகின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் பயன்பாட்டு விதியையும் படித்துவிட்டு இறக்கி, நல்ல தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். செலவு மிகக் குறைவு, ஒரே நாளில் வேலை முடியும்.

அந்தக் காலத்துத் தகட்டிலிருந்து அந்தக் காலத்துத் தாளில் இறங்கிய மைதான் வேண்டும் என்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

2. விற்பவரிடம் ஆறு புகைப்படங்களையும் மூன்று அளவுகளையும் கேளுங்கள்

விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சட்டத்திலிருந்து வெளியே எடுத்த முழுத்தாள், தாளின் பின்பக்கம், கீழே உள்ள எழுத்துகள், முகத்தின் மிக நெருக்கமான காட்சி, பக்கவாட்டில் சாய்வாக விளக்கடித்து எடுத்த காட்சி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த காட்சி ஆகிய ஆறும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அளவுகளில் படத்தின் அளவு, தகட்டின் அளவு (தகட்டின் விளிம்பு தாளில் பதித்த பள்ளம் வரை), தாளின் அளவு மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். உயரத்தை முதலில் எழுதுவது இத்துறையின் வழக்கம். தகட்டின் அளவும் தாளின் அளவும் ஒன்றாகவே இருந்தால், ஓரங்கள் வெட்டப்பட்டுவிட்டன என்று பொருள். வெட்டப்பட்ட படம் வாங்கத் தகாதது என்று சொல்ல மாட்டேன், ஆனால் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும்.

சட்டத்திலிருந்து எடுக்க முடியாது என்று விற்பவர் சொன்னால், அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். என் இரண்டாவது படத்தின் ஒட்டுநாடாக் கறை சட்டத்தின் உள்ளட்டைக்கு அடியில்தான் மறைந்திருந்தது.

ஏலத்தில் வாங்குவதாக இருந்தால், தாளின் கிழிசல், கறை முதலியவற்றைச் சொல்லும் நிலை அறிக்கையைக் கேளுங்கள். ஏலத்துக்கு முந்தைய நாள் கேட்டால் பதில் வராமல் போகலாம். ஒரு வாரம் முன்பே கேளுங்கள்.

3. கீழே உள்ள எழுத்துகளைப் படியுங்கள்

படத்தின் இடது மூலைக்குக் கீழே ஓவியம் தீட்டியவர் பெயரும், வலது மூலைக்குக் கீழே தகட்டைச் செதுக்கியவர் பெயரும் இருப்பது பொது வழக்கம். பெயருக்குப் பின் வரும் லத்தீன் சொல்தான் யார் என்ன செய்தார் என்பதைச் சொல்லும். ‘பின்க்சிட்’ என்றால் வண்ணத்தில் தீட்டினார், ‘டெலினியாவிட்’ என்றால் கோட்டோவியமாக வரைந்தார், ‘ஸ்கல்ப்சிட்’ என்றால் செதுக்கினார், ‘எக்ஸ்குடிட்’ என்றால் வெளியிட்டார். பெரும்பாலும் முதல் சில எழுத்துகள் மட்டுமே சுருக்கமாக இருக்கும். விற்பனைக் குறிப்பில் புகழ்பெற்ற ஓவியரின் பெயர் பெரிதாக இருந்தால், அந்தப் பெயர் இடது மூலைக்குரியதா வலது மூலைக்குரியதா என்று பாருங்கள். ஆங்கிலக் குறிப்பில் ‘ஆஃப்டர்’ என்ற சொல் ஓவியர் பெயருக்கு முன் வந்தால், அவருடைய ஓவியத்தைப் பார்த்து வேறொருவர் செதுக்கியது என்றுதான் பொருள்.

இங்கிலாந்தில் 1735இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, காப்புரிமை பெற விரும்பியவர் வெளியீட்டு நாளையும் உரிமையாளர் பெயரையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டியிருந்தது. அதனால் அந்நாட்டு அச்சுகள் பலவற்றின் அடியில் நாள், மாதம், ஆண்டு, தெருவின் பெயர்கூடக் கிடைக்கும். இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அந்த ஆண்டு தகட்டுக்குரியது. உங்கள் கையில் இருக்கும் தாள் அச்சான ஆண்டு அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. தகடுகள் கை மாறி, தேய்ந்தபின் மீண்டும் கீறி ஆழமாக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் கழித்தும் அச்சிடப்பட்டன. பொறித்த ஆண்டு மட்டும் அப்படியே நின்றது.

பெயரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வான் டைக் என்ற ஓவியரின் குதிரையேற்ற ஓவியம் ஒன்றைத் தழுவி 17ஆம் நூற்றாண்டில் பியர் லொம்பார் செதுக்கிய தகட்டில், குதிரையும் உடலும் அப்படியே இருக்க, தலை மட்டும் பலமுறை சுரண்டி மாற்றப்பட்டது. ஒரு கட்டத்தில் அதில் இருப்பவர் இங்கிலாந்தில் மன்னராட்சியை எதிர்த்துப் போரிட்ட கிராம்வெல், இன்னொரு கட்டத்தில் அவருடைய எதிரியான முதலாம் சார்லஸ் மன்னர். தலையே இல்லாமல் அச்சான தாள்களும் உண்டு. இது அரிய எடுத்துக்காட்டுதான் என்றாலும், நீங்கள் தேடும் மனிதரின் முகத்தை வேறு இரண்டு படங்களோடாவது ஒப்பிட்டுப் பார்த்தபின் அடுத்த படிக்குப் போங்கள்.

4. எந்த முறையில் அச்சானது என்று கண்டுபிடியுங்கள்

இந்த ஒரு படியைத் தவறவிட்டதால்தான் முதல் படத்தில் என் பணம் போனது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முழு முயற்சியிலும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பயன் தருவது அதுதான்.

கண்ணாடியை முதலில் கன்னத்தின் மேல் வையுங்கள். கன்னத்தில்தான் நிழல் மெல்ல மெல்லக் கரையும், ஆகவே அச்சு முறை அங்கேதான் வெளிப்படும். என் முதல் படத்தின் கன்னத்தில் கண்டது, கட்டம் போட்டதுபோல நேர்வரிசைகளில் நிற்கும் புள்ளிகள்; நிழலான இடத்தில் புள்ளி பெரிது, வெளிச்சமான இடத்தில் சிறிது, ஆனால் வரிசை மட்டும் எங்கும் பிசகவில்லை. அது புகைப்பட வழியில் செய்யும் ஹாஃப்டோன் அச்சு, 1880களுக்குப் பிறகே பரவியது. படத்தின் அடியில் 1770 என்று இருந்தாலும் அந்தத் தாளுக்கு அவ்வளவு வயது இருக்க முடியாது.

புள்ளி இருந்தாலே போலி என்றும் எண்ணிவிடாதீர்கள். ஸ்டிப்பிள் என்ற கைவேலை முறையிலும் முகம் புள்ளிகளால்தான் ஆகிறது. ஆனால் அந்தப் புள்ளிகள் கையால் இட்டவை. அளவும் வடிவமும் இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கும், கன்னத்தின் வளைவைப் பின்தொடர்ந்து திரும்பும்.

கோடுகளால் ஆன செப்புத்தகட்டு வேலையில், உளி உள்ளே இறங்கும் இடத்தில் கோடு கூர்மையாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மீண்டும் கூர்மையாக முடியும். அமிலத்தால் அரித்த எட்சிங் கோட்டின் முனை மழுங்கியிருக்கும். மெஸ்ஸோடின்ட் முறையில் கோடே இராது. கருமையிலிருந்து வெளிச்சத்தைச் சுரண்டி எடுத்த முறை என்பதால், மேலங்கியின் மடிப்புகள் வெல்வெட் துணியைப் போல ஆழ்ந்த கருப்பாக இருக்கும். மெஸ்ஸோடின்ட் தகடு விரைவில் தேய்ந்துவிடும். கருப்பு சாம்பலாக வெளுத்து, கண்களின் மினுக்கம் மங்கியிருந்தால் அது தேய்ந்த தகட்டின் பிற்கால அச்சு. ஒரே தகட்டின் முந்தைய தாளுக்கும் பிந்தைய தாளுக்கும் விலை பல மடங்கு வேறுபடும். உளிக்கோடுகள் மயிரிழைபோல மெலிந்து, சாம்பல் நிறத்தில் நெருங்கியிருந்தால் அது பெரும்பாலும் 1820களுக்குப் பின் வந்த எஃகுத்தகட்டு வேலை. கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃபில் மை தாளின் மேல் தட்டையாக இருக்கும், சொரசொரப்பான கல்லில் கிரையான் தேய்த்தது போன்ற மணல்தன்மை தெரியும்.

அடுத்தது தகட்டுத் தடம். செப்புத்தகட்டை ஈரத்தாளோடு சேர்த்து உருளையின் கீழ் அழுத்தும்போது, தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதியும். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தாளுக்குச் சமமாகப் படுக்கவைத்து அடித்தால் அந்தப் பள்ளத்தின் நிழல் நான்கு பக்கமும் கோடாகத் தெரியும். ஆனால் தடம் இருப்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். பிற்கால மறு அச்சுகளில் அழகுக்காகவே வெற்றுத் தடம் அழுத்தப்பட்டதுண்டு. ஃபோட்டோகிராவ்யூர் என்ற புகைப்பட முறையிலும் உண்மையான தகடும் உண்மையான தடமும் இருக்கும். தடம், கோட்டின் முனை, கன்னம் ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் மட்டுமே நம்புங்கள்.

5. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்

தாளில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இடைவெளியில் நேர்கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிந்தால் அது கம்பிச்சட்டத்தில் வார்த்த பழைய வகைத் தாள். அந்தக் கோடுகள் இல்லாமல் சீராக இருக்கும் தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. ஆகவே 17ஆம் நூற்றாண்டு அச்சு என்று விற்கப்படும் படம் சீரான தாளில் இருந்தால், அந்தக் கூற்று அங்கேயே முடிந்துவிடுகிறது. கோடு உள்ள தாள் பிற்காலத்திலும் செய்யப்படுவதால், கோடு இருப்பது பழமைக்குச் சான்றாகாது.

தாள் செய்யும்போதே அதனுள் பதியும் நீர்க்குறியில் ஆண்டு தெரிந்தால் அது பெரும் நன்மை. அச்சு அந்த ஆண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது. கையில் புறஊதா விளக்கு இருந்தால் இருட்டறையில் தாளின் மேல் காட்டுங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால், ஏறத்தாழ 1950க்குப் பிறகு தாளில் சேர்க்கத் தொடங்கிய வெண்மையூட்டி அதில் இருக்கிறது.

பின்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். சிறிய முத்திரை ஏதாவது இருந்தால் அது பழைய சேகரிப்பாளர் ஒருவருடையதாக இருக்கலாம். ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921இல் வெளியிட்ட முத்திரைப் பட்டியல் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் தேடிப் பாருங்கள்.

6. அருங்காட்சியகப் படியோடு ஒப்பிடுங்கள்

பிரிட்டிஷ் அருங்காட்சியகம், லண்டன் தேசிய உருவப்படக் காட்சிக்கூடம், ரைக்ஸ் அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையப் பட்டியல்களில் உருவத்துக்குரியவர் பெயரையும் செதுக்கியவர் பெயரையும் சேர்த்துத் தேடினால், பெரும்பாலான உருவப்படங்களுக்கு ஒரு பதிவாவது கிடைக்கும். இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள்.

முதலில் தகட்டின் அளவைப் பாருங்கள். சில மில்லிமீட்டர் வேறுபாடு பிழையல்ல; ஈரத்தில் அச்சிட்ட தாள் காயும்போது சுருங்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் அது வேறு தகடு, அநேகமாக நகல். அடுத்து, உருவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். தகட்டில் செதுக்கியது தாளில் இடவலமாக மாறிவிழும் என்பதால், ஓர் அச்சைப் பார்த்து அப்படியே செதுக்கிய நகல் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அருங்காட்சியகப் படியில் இடப்பக்கம் பார்ப்பவர் உங்களிடம் வலப்பக்கம் பார்த்தால், விலையைப் பேசுவதற்கு முன் அதைப் பேசுங்கள்.

அதன்பின் நிலை. ஒரே தகட்டில் இடையிடையே செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய நிலை எனப்படும். 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்புக்காக மார்ட்டின் ட்ரோஷவுட் செதுக்கிய உருவப்படத்திலேயே, அச்சிட்டுக்கொண்டிருக்கும்போது நிழல் கூட்டியும் நுணுக்கங்களைத் திருத்தியும் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகள் உண்டு. முதல் நிலைத் தாள்கள் மிக அரியவை. அருங்காட்சியகப் பதிவில் நிலை குறித்திருந்தால், உங்கள் தாளில் அந்த நுணுக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

7. மொத்தச் செலவைக் கணக்கிட்டு, ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்

படத்தின் விலை மொத்தச் செலவில் பாதியாகக்கூட இல்லாமல் போகலாம். ஏலத்தில், சுத்தியல் தட்டி முடிவாகும் விலைக்கு மேல் வாங்குபவர் தரகு சேரும். பல நிறுவனங்களில் அது நான்கில் ஒரு பங்கை ஒட்டி வரும், அதன்மேல் வரியும் உண்டு. பொட்டலம் கட்டும் செலவு, அனுப்புச் செலவு, காப்பீடு, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கம், கடைசியில் படத்துக்குச் சட்டம் போடும் செலவு. மூன்றாவது படத்துக்கு நான் இவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிய பிறகே, எந்த விலைவரை போகலாம் என்று முடிவு செய்தேன். சட்டம் போடும் செலவு மட்டுமே படத்தின் விலையைத் தாண்டியது.

ரசீது என்பது பணம் பெற்றதற்கான சீட்டாக மட்டும் இருக்கக்கூடாது. உருவத்துக்குரியவர், ஓவியர், செதுக்கியவர், அச்சு முறை, தகட்டின் ஆண்டு, இந்தத் தாள் அச்சான காலம் பற்றிய விற்பவரின் கருத்து, மூன்று அளவுகள், கிழிசலும் கறையும் பழுதுபார்த்த இடங்களும், திருப்பி அனுப்பும் கால அவகாசம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ‘பழமையானது’, ‘அசல்’ என்ற வெறும் சொற்களை ஏற்காதீர்கள். என் முதல் ரசீதில் ‘அசல் பழைய அச்சு’ என்று மட்டுமே இருந்தது. அந்த இயந்திர அச்சும் ஒரு வகையில் பழைய அச்சுதான் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

எல்லை தாண்டி வரும் படமாக இருந்தால், ரசீதின் சொற்கள் சுங்கத்துக்கும் முக்கியம். பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் அசல் செதுக்கல்களும் லித்தோகிராஃபுகளும் 9702 என்ற தலைப்பில் வருகின்றன. 2022 பதிப்பில் 100 ஆண்டுக்கு மேற்பட்டவை அதற்குள் தனி உட்பிரிவாயின. கலைஞர் முழுவதும் கையால் செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்தவையே இந்தத் தலைப்புக்குள் வரும். இயந்திர, புகைப்பட முறைகள் வாரா. அச்சு முறையும் காலமும் ரசீதில் தெளிவாக இல்லாவிட்டால், வெறும் அச்சுப்பொருள் என்று வேறு தலைப்பில் வரி போடப்படவும், பொட்டலம் வாரக்கணக்கில் காத்துக்கிடக்கவும் வாய்ப்புண்டு. சில நாடுகளில் பழம்பொருள் ஏற்றுமதிக்குத் தனி அனுமதியும் வேண்டும். அதை வாங்கித் தர வேண்டியவர் யார் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அனுப்பும்போது சுருட்டக்கூடாது, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைக்க வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

8. வந்த அன்றே சரிபாருங்கள்

பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பும் பிரிக்கும்போதும் படமெடுங்கள். காப்பீடு கோர நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான். கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, தாளின் எதிரெதிர் மூலைகளை இரண்டு கைகளாலும் தூக்குங்கள். பிறகு நான்காம், ஐந்தாம் படிகளில் சொன்ன சோதனைகளை எல்லாம் நேரில் மீண்டும் செய்யுங்கள். திருப்பி அனுப்பும் அவகாசம் பல இடங்களில் சில நாட்களே. வார இறுதிக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

பழுப்புப் புள்ளிகளைக் கண்டு வெளுப்பானைத் தொடாதீர்கள், ஒட்டுநாடாவை உரிக்க முயலாதீர்கள். தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். என் இரண்டாவது படம் அவரிடம் ஐந்து வாரங்கள் இருந்தது. கறையில் முக்கால்வாசி போயிற்று; கன்னத்தின் ஓரத்தில் மிச்சமிருந்ததை எடுத்தால் மையும் போய்விடும் என்று அவர் நிறுத்திக்கொண்டது சரியான முடிவு.

9. சட்டம் போடுபவரிடம் எழுதிக் கொடுங்கள்

வாய்மொழியாகச் சொன்னால் மறந்துவிடும், ஆகவே நான் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். முன்னட்டையும் பின்னட்டையும் அமிலமற்றவையாக இருக்க வேண்டும். படத்தை மேல்விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீற்றுகளால், கோதுமை மாவுப்பசை கொண்டு தொங்கவிட வேண்டும். தாள் ஈரத்துக்கு ஏற்ப விரியவும் சுருங்கவும் இடம் வேண்டுமென்பதால் நான்கு பக்கமும் ஒட்டக்கூடாது. எந்த வகை ஒட்டுநாடாவும் கூடாது. கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. ஓரத்தை ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டக்கூடாது. தகட்டுத் தடமும் எழுத்துகளும் முன்னட்டையின் திறப்புக்குள் முழுமையாகத் தெரிய வேண்டும்.

இவற்றை ஏற்காத கடையில் படத்தை விட்டுவராதீர்கள். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் செலவாகும், ஆனாலும் அதையே போடுங்கள். அது வெயிலின் தீங்கைக் குறைக்குமே தவிர முற்றிலும் தடுக்காது. அருங்காட்சியகங்கள் தாள் பொருட்களுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (ஒளியின் அலகு) ஒளியையே அனுமதிக்கின்றன. சன்னலுக்கு எதிர்ச்சுவரில் அதைவிடப் பன்மடங்கு ஒளி விழும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரையும் சமையலறைச் சுவரையும் தவிருங்கள். ரசீது, நிலை அறிக்கை, விற்பவரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, ஒப்பிட்ட அருங்காட்சியகப் பதிவின் அச்சுப்படி ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு, படத்தோடு அல்லாமல் தனியாக வையுங்கள். சட்டத்தின் பின்பலகையில் உருவத்துக்குரியவர் பெயரையும் அந்த உறை இருக்கும் இடத்தையும் மட்டும் எழுதி ஒட்டினால் போதும்.